புது வேலையை விடலாமா? கொஞ்ச நாள் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதுங்கள்

17 வருடம் கணக்கு எழுதியவள் நான். 41 வயதில், ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் வேலைக்கு மாறினேன். சேர்ந்த மூன்றாம் மாதமே ராஜினாமாக் கடிதம் எழுதி, மின்னஞ்சலில் டிராஃப்டாக வைத்திருந்தேன். தினமும் இரவில் அதைத் திறப்பேன், ஒரு வார்த்தையை மாற்றுவேன், மூடிவிடுவேன். அந்தக் கடிதம் கடைசிவரை போகவில்லை. ஏழாம் மாதம் வேறொரு கடிதம் எழுதினேன். அதை ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு கடிதத்துக்கும் நடுவில் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். துறை மாறிப் போய், "தப்புப் பண்ணிவிட்டோமோ" என்று தூக்கம் வராமல் புரள்கிறவர்களுக்கு உதவலாம்.

பெயர் தெரியாத தொகை

கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. வங்கியில் பணம் வந்திருக்கும். யார் அனுப்பியது, எதற்கு என்று தெரியாது. அதற்காகத் தோன்றிய தலைப்பில் எழுதிவிட முடியாது. சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டுவைப்போம். விவரம் தெரிந்ததும் உரிய தலைப்புக்கு மாற்றுவோம்.

புது வேலையில் வரும் வருத்தத்தையும் இப்படித்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதுவரை எல்லாவற்றையும் "இந்தத் துறை எனக்குச் சரிப்படாது" என்ற ஒரே தலைப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்த பிழையை, மென்பொருளை எழுதும் டெவலப்பர் ஒருவர் "இது பக் இல்லை, இப்படித்தான் வேலை செய்யும்" என்று மூடிவிட்டாரா, துறை சரியில்லை. காலை மீட்டிங்கில் எல்லோரும் சிரித்த ஜோக் எனக்கு மட்டும் புரியவில்லையா, துறை சரியில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலித்தால்கூடத் துறைதான் குற்றவாளி.

அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்தேன். தினமும் வேலை முடிந்ததும் ஓரிரு வரி. அன்றைக்கு எது உறுத்தியது, ஏதாவது பிடித்திருந்தால் எது பிடித்தது. இதில் ஒரே ஒரு கண்டிப்பு: நடந்ததை மட்டும் எழுத வேண்டும். "இங்கே எனக்கு மதிப்பில்லை" என்பது தீர்ப்பு. "நான் பேசி முடிக்கும் வரை குழுத் தலைவரான லீட் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்பது பதிவு. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் விடமாட்டார், நீங்களும் விடாதீர்கள்.

ஆறு வாரம் எழுதுங்கள். பிறகு அவசரமில்லாத ஒரு காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மூன்று தலைப்புகளில் ஒன்றுக்கு மாற்றுங்கள். நான் வைத்த பெயர்கள் புதுசு, இடம், தொழில்.

'புதுசு' என்பது கற்றுக்கொண்டால் போய்விடுகிற வலி. துறை மாறியவர்களுக்கு இதுதான் கனமாக இருக்கும். பழைய ஆபீஸில் ஏதாவது டேலி ஆகவில்லை என்றால் என் மேஜைக்குத்தான் வருவார்கள். இங்கே என்னைவிட 15 வயது சின்னவர்களிடம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போய் நிற்கிறேன். 22 வயதில் முதல் வேலையில் சேர்கிறவருக்குத் தெரியாமல் இருப்பது சகஜம். ஒரு காலத்தில் எல்லாம் தெரிந்தவளாக இருந்துவிட்டு ஒன்றும் தெரியாமல் நிற்பதற்கு வேறு வலி. இதை வேலையின் குறை என்று நினைத்துவிடுவது சுலபம். கண்டுபிடிக்கும் வழியும் சுலபம்தான்: அதே விஷயம் போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சமாவது குறைவாக உறுத்துகிறதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். குறைந்திருந்தால் அது புதுசு.

'இடம்' என்பது இந்தக் கம்பெனி, இந்தக் குழு, இந்த மேலதிகாரி. வேறு இடத்தில் இதே வேலையைச் செய்தால் இருக்காது. ஆனால் வேறு இடத்தில் நீங்கள் வேலை செய்ததே இல்லையே, எப்படித் தெரியும்? கேட்கத்தான் வேண்டும். நான் இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருவர் மாலை வகுப்பில் கூடப் படித்தவர். "ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்களா?" என்றேன். ஒருவர் "ரிலீஸ் அன்றைக்கு மட்டும்" என்றார், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் நாளில். இன்னொருவர் "எங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை, அக்கா" என்றார். "சோதித்ததையே திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்குமா?" என்றதற்கு இருவரும் ஒரே குரலில் "அது எங்கே போனாலும் உண்டு" என்றார்கள். சரி, முதலாவது இடம், இரண்டாவது தொழில். பத்து நிமிடப் பேச்சு, மூன்று மாதக் குழப்பம் தீர்ந்தது.

'தொழில்' தலைப்பில் விழுவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அதற்கு நான் கண்ட வழி, நம்மைவிட ஐந்து வருடம் முன்னால் இருக்கும் ஒருவரின் ஒரு முழு நாளைப் பார்ப்பது. அவர் சம்பளத்தையும் பதவியையும் விடுங்கள். காலை பத்து மணிக்கு என்ன செய்கிறார், மதியம் மூன்று மணிக்கு யாரோடு வாக்குவாதம் செய்கிறார், எதைச் செய்யும்போது அவர் முகம் மலர்கிறது? எல்லாம் நன்றாக நடந்தால் நீங்கள் போய்ச் சேரப்போவது அங்கேதான். அந்த நாள் உங்களுக்குக் கசந்தால், உங்கள் லீட் தங்கமானவராக இருந்தும் பயனில்லை.

என் நோட்டில் உறுத்தல் என்று 44 வரிகள் தேறின. புதுசு 26, இடம் 13, தொழில் 5. அந்த ஐந்தும் ஒரே புகார்தான்: செய்ததையே செய்வது. 17 வருடம் வவுச்சருக்கு டிக் போட்டவளுக்கு அது ஒரு புகாரா என்று எனக்கே சிரிப்பு வந்தது. பிடித்தவை ஒன்பது வரிகள்தான், ஆனால் அவற்றில் ஒன்றை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு பில் பக்கத்தில் வரிசைத் தொகைகளைக் கூட்டினால் கீழே இருக்கும் மொத்தத்தோடு ஒரு இலக்கம் உதைத்தது. ஒவ்வொரு வரிசைத் தொகையையும் முழு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுவதும், கூட்டிவிட்டு முழு எண்ணாக்குவதும் ஒன்றில்லை என்று கணக்கு எழுதும் எவருக்கும் தெரியும். நாலு மாதமாக அங்கே யார் கண்ணிலும் அது படவில்லை. அன்றைக்கு டெவலப்பர் அதை மூடவில்லை, என் மேஜைக்கு வந்து கேட்டுக்கொண்டு போனார்.

எத்தனை நாள் பொறுக்கலாம்

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பதை ஆய்வாளர்களும் வேறு வழியில் கண்டிருக்கிறார்கள். மேலாளர்களை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வை வெண்டி பாஸ்வெல்லும் இரண்டு சகாக்களும் 2005-ல் வெளியிட்டார்கள். வேலை மாறியதும் திருப்தி ஏறுகிறது, பிறகு இறங்குகிறது என்பதுதான் அதன் சாரம். தேனிலவும் அதற்கு அடுத்த நாள் தலைவலியும் என்கிற மாதிரி ஒரு பெயரும் அதற்கு வைத்தார்கள். அதனால் இறக்கம் வந்தவுடனே அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

காலக்கெடுவை மாதத்தில் வைக்காமல் அந்த வேலையின் சுற்றில் வையுங்கள் என்பது என் கருத்து. கணக்கு வேலை என்றால் ஒரு வருட முடிவைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது. ஆசிரியர் வேலை என்றால் ஒரு பருவமும் அதன் தேர்வும். டெஸ்டருக்கு இரண்டு ரிலீஸ். முதல் சுற்றில் தடுமாற்றம் மட்டுமே தெரியும், இரண்டாவதில்தான் வேலை தெரியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. சம்பளம் வரவில்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள், உடம்பு விழுந்துகொண்டே இருக்கிறது, பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றால் அவற்றுக்கு சஸ்பென்ஸ் கணக்கே தேவையில்லை. நோட்டை மூடிவிட்டு வெளியேறும் வழியைப் பாருங்கள்.

போட்ட பணமும் போன வருடமும்

"இவ்வளவு செலவழித்துப் படித்துவிட்டு இப்போது விடுவதா?" என்ற கேள்வி எனக்கும் வந்தது. 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். இரண்டு பனிச்சறுக்குப் பயணங்களுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். ஒன்றுக்கு இரட்டிப்பு விலை. விலை குறைந்ததுதான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒரே தேதியில் வந்துவிட்டது, எதற்குப் போவீர்கள்? பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் விலை கூடியதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிய பணம் எப்படியும் திரும்பாது, பிடித்த இடத்துக்காவது போகலாமே என்று தோன்றவில்லை.

நம் விஷயத்தில் இது இரண்டு பக்கமும் இழுக்கும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வகுப்புக்குக் கட்டிய பணம் புது வேலையில் பிடித்து வைக்கிறது. பழைய 17 வருட அனுபவம் "வீணாகிறதே" என்று பின்னால் இழுக்கிறது. இரண்டும் செலவாகிப்போனவை. அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த பிறகு, யாராவது இதே வேலையை இப்போதுதான் கொடுக்கிறார்கள் என்றால் சேர்வேனா? மூன்றாம் மாதம் பதில் "சேர்வேன், ஆனால் ராத்திரி அழைப்புகளைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவேன்" என்று வந்தது. ராஜினாமா எழுத வேண்டியவளின் பதில் அது கிடையாது.

ஃப்ராங்க்ளின் எழுதிய கடிதம்

1772-ல் ஜோசஃப் ப்ரீஸ்ட்லி இதே குழப்பத்தில் இருந்தார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் சமய போதகர் வேலை. ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் வந்து பணியாற்றும்படி அழைக்கிறார். போகலாமா என்று நண்பர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினிடம் கேட்டார். எதை முடிவு செய்வது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஃப்ராங்க்ளின் பதில் எழுதினார். காகிதத்தின் நடுவில் கோடு போட்டு, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுது. மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள். பிறகு சம எடை உள்ளவற்றை இரண்டு பக்கமும் அடித்துவிடு. எஞ்சுவதைப் பார்.

பலரும் கோடு போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் அந்த மூன்று நான்கு நாளில் இருக்கிறது. ரிலீஸ் இரவில் ஒரு பக்கம் மட்டுமே நிரம்பும், சம்பளம் வந்த அன்று மறுபக்கம். ப்ரீஸ்ட்லி 1773-ல் புது வேலைக்குப் போனார், 1774-ல் அங்கிருந்தபோதுதான் நாம் இன்றைக்கு ஆக்சிஜன் என்று சொல்லும் வாயுவைப் பிரித்தெடுத்தார். 1780-ல் அந்த வேலையையும் விட்டார், அது வேறு கதை.

பட்டியலில் இரு பக்கமும் உண்மையிலேயே சமமாக நின்றால்? பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஒரு இணையதளத்தில், முடிவெடுக்கத் தெரியாமல் தவித்தவர்களுக்குக் காசு சுண்டிப் பதில் சொன்னார். 20,000 தடவைக்கும் மேல் காசு சுண்டப்பட்டது. வேலையை விடலாமா என்பதும் அதில் ஒரு கேள்வி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மாற்றத்தைச் செய்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். அவர்கள் முன்பே நடுக்கோட்டில் நின்றவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். நோட்டில் பாதிக்கு மேல் 'புதுசு' இருக்கிறவருக்கு இது பொருந்தாது.

விடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்

'இடம்' தலைப்பில் அதிகம் வந்த ஒன்றை எடுத்து, அதை மட்டும் மேலதிகாரியிடம் பேசுங்கள். புகார்ப் பட்டியல் வேண்டாம். நான் லீடிடம், "ரிலீஸ் இரவுகளை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாமா? என் முறைக்கு நான் நிச்சயம் இருப்பேன்" என்றேன். "பார்க்கலாம் மேடம்" என்றார், மறுவாரமே முறைப்பட்டியல் போட்டார். அந்த மாதம் டிராஃப்டை அழித்தேன்.

பட்டியல் ஒரு மாதம்தான் நடந்தது. ஏழாம் மாதம் ஒரு ரிலீஸுக்கு முன்னால் 30 டெஸ்ட் இன்னும் ஓட்டிப் பார்க்காமல் பாக்கி. "எல்லாத்துக்கும் பாஸ் போட்டு மூடிடுங்க மேடம், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார் அதே லீட். பார்க்காத வவுச்சரில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. "ஓட்டாததை ஓட்டவில்லை என்றுதான் எழுதுவேன்" என்றேன். என் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடச் சொன்னார்கள். அன்று இரவுதான் அந்த ஐந்து நிமிடக் கடிதம்.

அனுப்பும் முன் வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா, முன்னறிவிப்பு எத்தனை நாள், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தம் உண்டா, மூன்றையும் பாருங்கள். தகுதிகாண் காலத்தில் முன்னறிவிப்பு பெரும்பாலும் குறைவாக இருக்கும், நிரந்தரமான பிறகு கூடும். என் கையில் ஐந்து மாதச் செலவுக்கு இருந்தது. இல்லாதிருந்தால் அடுத்த வேலை கிடைக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் பாஸ் போடாமல், இருந்திருப்பேன்.

கூடப் படித்த ஒருத்திக்கு நோட்டில் 'தொழில்' நிரம்பியது. முன்பு நர்ஸாக இருந்தவள், நாள் முழுக்க மனிதர் முகம் பார்க்காமல் திரை முன்னால் இருக்க முடியவில்லை. பழைய வேலைக்கே திரும்பினாள். அதைத் தோல்வி என்று சொன்ன உறவினர்களின் பட்டியல் அவளிடம் இருக்கிறது, ஒருநாள் இருவரும் சேர்ந்து படித்துச் சிரித்தோம்.

எனக்கு அடுத்த நேர்காணலில், எதிர்பார்த்தபடியே, "ஏழு மாதத்தில் ஏன் விட்டீர்கள்?" என்றார்கள். "ஓட்டாத டெஸ்டுக்குப் பாஸ் போடச் சொன்னார்கள்" என்றேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, வேறு குறையும் சொல்லவில்லை. எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரிலீஸுக்கு முந்தின நாள் எத்தனை டெஸ்ட் பாக்கி இருந்தால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.