கட்டற்ற மென்பொருளுக்குக் கூட்டுநிதி: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

மூல நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு இணையத்தில் பலரிடமும் பணம் கேட்கும் பக்கத்தைத் திறந்தால், முதல் பத்து வரிக்குள்ளேயே அது எங்கே போய் முட்டும் என்று சொல்லிவிடலாம். 2010-இல் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளத் திட்டம் விழுந்த குழியில்தான் இன்றைக்கும் ஆட்கள் வரிசையில் நின்று விழுகிறார்கள். காணொளியில் குரல் சரியாகக் கேட்கவில்லை, உரிமம் எது என்று சொல்ல மறந்துவிட்டார்கள் என்பவற்றையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதையெல்லாம் முதல் நாளே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். ஒன்றரை வருடம் கழித்துத் தலைதூக்கும் தவறுகளைத்தான் பார்க்கப் போகிறோம். ஏமாற்றுக்காரர்களை விட்டுவிடுவோம். இதில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் நேர்மையான, கெட்டிக்கார நிரலாளர்கள்.

## ஓடும் நிரல் இல்லாமல் கேட்பது

கிறிஸ்டியன் ஹெர்கர்ட், க்னோம் பில்டர் என்ற நிரல் எழுதும் கருவிக்காக 2014-இல் வேலையை விட்டார். பல மாதம் சொந்தச் செலவில் எழுதி, நிரல் திரையில் ஓடும் நிலைக்கு வந்த பிறகே இண்டிகோகோ என்ற கூட்டுநிதித் தளத்தில் 30,000 டாலர் கேட்டார். 50,000-க்கு மேல் வந்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளின் 2002 கதை இன்னும் தெளிவு. மென்பொருள் முழுதாக இருந்தது, உலகம் அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருந்தது. 1 லட்சம் யூரோ சேர்ந்தால் மூல நிரலை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவோம் என்றார்கள். ஏழு வாரத்தில் சேர்ந்தது, அக்டோபர் 13 அன்று நிரல் வெளியானது. புதிதாக எழுத வேண்டியது எதுவுமில்லாத வாக்குறுதி அது.

வெறுமனே வரைந்து காட்டும் திரை மாதிரிகள் கணக்கில் சேராது. அந்நியர் ஒருவர் நிரலை இறக்கி, பதினைந்து நிமிடத்தில் கம்பைல் செய்து (கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி), ஒரே ஒரு வேலையையாவது ஆரம்பம் முதல் முடிவு வரை செய்ய முடிய வேண்டும். மின்னஞ்சல் மென்பொருள் என்றால் ஒரு கணக்கைச் சேர்த்து, வந்த அஞ்சலைப் படித்து, பதில் அனுப்ப முடிகிறதா? முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்.

## வசதிப் பட்டியலை விற்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். பக்கத்தின் நடுவில் ஒரு படிக்கட்டு வரைந்திருப்பார்கள்: 20,000 வந்தால் விண்டோஸ் பதிப்பு, 30,000 வந்தால் மேக், 40,000 வந்தால் செருகுநிரல் வசதி, 50,000 வந்தால் கைபேசிச் செயலி. இதற்கு ஸ்ட்ரெட்ச் கோல் என்று பெயர். இலக்கை எட்டிய பிறகும் பணம் வரவழைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது. திட்டத்தைக் கொல்வதற்கும் கிடையாது.

பணம் கூடினால் வேலை கூடுகிறது, ஆட்கள் கூடுவதில்லை. டயஸ்போராவில் நான்கு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறை முழுக்க நிரல் எழுத 10,000 டாலர் கேட்டார்கள். 6,479 பேர் சேர்ந்து 2,00,641 டாலர் கொடுத்தார்கள். பணம் இருபது மடங்கு ஆனது. கைகள் எட்டுத்தான், கோடையும் அதே மூன்று மாதம்தான். ஆனால் எதிர்பார்ப்பு இருபது மடங்கு ஏறி, ஃபேஸ்புக்குக்கு மாற்று என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. செப்டம்பரில் நிரலைத் திறந்து காட்டியதும் அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டைகளை ஊரே பட்டியல் போட்டது. 2012 ஆகஸ்டில் திட்டத்தைச் சமூகத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு கோடை வேலையாக மட்டும் பார்த்தால் அவர்கள் எழுதியது மோசமில்லை.

இன்னொரு பக்கம், பட்டியலில் ஒரே வார்த்தையாக நிற்பது நிரலில் ஒரு வார்த்தை இல்லை. கிருதா என்ற ஓவிய மென்பொருள் 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 30,000 யூரோ கேட்டு 38,000-க்கு மேல் பெற்றது. வாக்குறுதி இரண்டு: வெக்டார் (எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத கோட்டு வடிவங்கள்), எழுத்துக் கருவி. முந்தைய இரண்டு வருடமும் நிதி திரட்டிச் சொன்னதைச் செய்து காட்டிய, பழுத்த குழு அது. 'எழுத்துக் கருவி' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். எழுத்துரு தேர்வு, வரி உடைப்பு, எழுத்திடைவெளி, எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பாகச் சேமிப்பு, செய்ததைத் திருப்புதல், கான்வாஸ் மேலேயே திருத்துதல், உள்ளீட்டு முறைகள். ஜப்பானியத்துக்கு மேலிருந்து கீழாக. அரபுக்கு வலமிருந்து இடமாக. தமிழுக்கு இன்னொரு தலைவலி: 'கொ' என்பது யூனிகோடில் இரண்டு குறியீடு, திரையில் மூன்று உருவம், கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். 2018 மார்ச்சில் 4.0 வெளியானபோது கருவி வந்தது, குறைகளோடு. எழுத்து அடுக்கும் பகுதியை மறுபடி எழுதி வெளியிட்டது 2023-இன் 5.2-இல். பக்கத்தில் ஒரு வரி, வேலையில் ஏழு வருடம். இத்தனைக்கும் ஒழுங்காகச் செய்கிறவர்களில் இவர்கள் முதல் வரிசை.

சரி, பணம் எங்கே போகிறது? ஒரு மாதிரிக் கணக்கு. கிக்ஸ்டார்ட்டரில் ஆயிரம் பேர் 40,000 டாலர் வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். தளத்தின் பங்கு 5 சதவீதம், 2,000. பணப் பரிமாற்றக் கட்டணம் 3 சதவீதம், அதோடு ஆளுக்கு 20 சென்ட், மொத்தம் 1,400. கடைசி நாளில் சில அட்டைகள் வேலை செய்யாது, அதற்கு 800 கழியுங்கள். 300 சட்டைகள், அஞ்சலோடு சட்டைக்கு 18 டாலர் வீதம் 5,400. மீதி 30,400. வரிக்கும் கணக்காளருக்கும் சுமார் 4,500 ஒதுக்கினால் கையில் நிற்பது 25,900. ஒரு நிரலாளருக்கு மாதம் 4,500 டாலர் என்றால் ஐந்தே முக்கால் மாதம்.

அந்த ஐந்தே முக்கால் மாதத்தில் பாதிதான் புது நிரல் எழுதப் போகும். மற்ற பாதி வழு (நிரல் பிழை) அறிக்கைகளுக்கும், மூன்று இயங்குதளங்களுக்குத் தொகுப்பு செய்வதற்கும், ஆவணத்துக்கும், பணம் கொடுத்தவர்களின் கடிதங்களுக்கும். ஆக உண்மையில் விற்பனைக்கு இருப்பது மூன்று மாதத்துக்கும் குறைவு. பக்கத்தில் பன்னிரண்டு வசதிகள்!

விண்டோஸ், மேக் பதிப்பு என்று சாதாரணமாக எழுதுகிறார்களே, அதற்கும் இதே கதிதான். ஓப்பன்ஷாட் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருள் 2013-இல் 20,000 டாலர் கேட்டு 45,000 வாங்கியது. மூன்று இயங்குதளத்திலும் ஓட வேண்டுமென்றால் அடியிலிருக்கும் காணொளி நூலகத்தையே (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பையே) புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2.0 வெளிவந்தது 2016-இல்.

இதற்கு வழி, வசதியை விற்காமல் மாதத்தை விற்பது. முதலில் ஒவ்வொரு வசதியையும் இரண்டு நாளுக்கு மேற்படாத துண்டுகளாக உடையுங்கள். உடைக்க முடியாத துண்டு வந்தால் அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அதை மாதிரியாக ஒருமுறை எழுதிப் பார்க்காமல் பக்கத்தில் ஏற்றக் கூடாது. நன்றாகத் தெரிந்த நிரலில் செய்யும் வேலை என்றால் மதிப்பீட்டை இரண்டால் பெருக்குங்கள், பழகாத நூலகத்தைத் தொடுவதாக இருந்தால் மூன்றால். பிறகு பக்கத்தில் இப்படி எழுதலாம்: "இந்தத் தொகை ஒரு நிரலாளரின் ஆறு மாத வேலைக்கு. கீழே உள்ள வரிசையில் செய்வோம். ஆறாம் மாதக் கடைசியில் எது முடிந்திருக்கிறதோ அதை வெளியிடுவோம். கூடுதலாக வரும் ஒவ்வொரு 5,500-க்கும் இன்னொரு மாதம் இதே பட்டியலில் கீழே இறங்குவோம்." மாதச் செலவு 4,500-ஆக இருக்கும்போது 5,500 கேட்பது பேராசை இல்லை. கட்டணமும் வரியும் போக நிற்பது அவ்வளவுதான்.

கவர்ச்சி இல்லைதான். பணம் கொஞ்சம் குறைவாகவே வரும். கிருதாவே பிறகு கிக்ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு, 2018-இல் புது வசதி எதையும் சொல்லாமல் வழுக்களை ஒழிக்க மட்டும் நிதி கேட்டது. அதற்கும் ஆட்கள் கொடுத்தார்கள்.

## இலக்கை ஆசையிலிருந்து கணக்கிடுவது

மூன்று பேருக்குச் சம்பளம் வேண்டும், ஆகவே 1 லட்சம் டாலர் என்று கேரி என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதியவர்கள் 2013-இல் கேட்டார்கள். கணக்கில் பொய் இல்லை. சுமார் பாதித் தொகை வந்தது. இலக்கை எட்டினால்தான் பணம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்ததால் ஒரு டாலரும் கைக்கு வரவில்லை.

அதற்காக எது வந்தாலும் எடுத்துக்கொள்ளும் முறைக்குத் தாவாதீர்கள். ஆறு மாத வேலைக்குப் பதிலாக மூன்று வாரப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆறு மாத வாக்குறுதியைச் சுமப்பது அதைவிட மோசம். ஜோயி ஹெஸ் என்ற நிரலாளர் 2012-இல், கோப்புகளைக் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கும் கிட்-அனெக்ஸ் உதவியாளர் மென்பொருளுக்காகக் கேட்டது வெறும் 3,000 டாலர். வந்தது 20,000-க்கு மேல். அவர் அதை வசதிகளாக மாற்றவில்லை, கூடுதல் மாதங்களாக மாற்றினார். இலக்கு என்பது வேலையைத் தொடங்கவாவது தேவையான குறைந்தபட்சத் தொகை. அதில் மூன்றில் ஒரு பங்கு யாரிடமிருந்து வரும் என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டால் இப்போது தொடங்க வேண்டாம்.

## சட்டை, குவளை, ஸ்டிக்கர்

வேண்டாம். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஒரு மாதத்துக்கு மேல் சட்டையாகப் போயிருக்கிறது.

## பணம் வந்து சேரும் பாதையைப் பார்க்காமல் விடுவது

மெயில்பைல் என்ற மின்னஞ்சல் மென்பொருள் 2013-இல் இண்டிகோகோவில் 1,63,000 டாலர் திரட்டியது. அதில் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வந்த சுமார் 45,000 டாலரை அந்நிறுவனம் நிறுத்தி வைத்து, விரிவான செலவுத் திட்டம் கேட்டது. விஷயம் வெளியே பெரிதாகப் பேசப்பட்ட பிறகே விடுவித்தது. எல்லாருக்கும் அந்த மாதிரி சத்தம் போட ஆள் கிடைக்காது. தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: முன்கூட்டியே பணம் வாங்கி ஒரு வருடம் கழித்துப் பொருள் தருவதை ஏற்பீர்களா, எவ்வளவு பிடித்து வைப்பீர்கள், எத்தனை நாள்?

தளமே மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். வழுத்தீர்வுக்குப் பரிசுத்தொகை வைக்க உதவிய பவுண்டிசோர்ஸ் தளம் 2020-இல், இரண்டு வருடம் யாரும் கோராத தொகையைத் தானே வைத்துக்கொள்வதாக விதியைத் திருத்தப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. வந்த பணத்தை வந்தவுடன் உங்கள் கணக்குக்கு எடுத்துவிடுங்கள்.

வரி தனி. கிருதா அறக்கட்டளைக்கு 2017-இல் நெதர்லாந்து வரித்துறை சுமார் 24,000 யூரோ பாக்கி என்று ஓலை அனுப்பியது. சில மாத நிரலாளர் சம்பளம் அது. நன்கொடையா, விற்பனையா என்பதை உங்கள் நாட்டுக் கணக்காளரிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு பரிசுப் பட்டியல் எழுதுங்கள். பரிசு கொடுத்தால் பல நாடுகளில் அது விற்பனை.

இந்தியாவிலிருந்து தொடங்குவதானால்: கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

## தாய்த் திட்டத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பது

உங்கள் வேலை இன்னொரு திட்டத்துக்குள் சேர வேண்டியது என்றால், மெர்ஜ் செய்வது, அதாவது அதன் நிரலோடு உங்கள் நிரலைச் சேர்ப்பது, உங்கள் கையில் இல்லை. ஆண்ட்ரூ காட்வின் 2013-இல், இணையதளம் கட்டும் ஜாங்கோ சட்டகத்துக்குள் மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும்) வசதியைக் கொண்டுவர 2,500 பவுண்டு கேட்டு, 17,000-க்கு மேல் பெற்றார். 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7-இல் அது சேர்ந்தது. அவர் ஏற்கெனவே ஜாங்கோவின் மையக் குழுவில் இருந்தவர். அதுவரை எல்லாரும் பயன்படுத்திய சவுத் நூலகமும் அவர் எழுதியதே. வடிவமைப்பைப் பற்றி அங்கே பேசி முடித்துவிட்டுத்தான் காசு கேட்டார்.

வெளியாள் அதே வாக்கைக் கொடுத்தால்? பொறுப்பாளர்கள் பேட்ச்சை (நீங்கள் அனுப்பும் நிரல் திருத்தத்தை) பார்க்கவே மூன்று மாதம் ஆகும், பார்த்துவிட்டு அணுகுமுறையே வேறு என்பார்கள். "எழுதி அனுப்புவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். "சேர்ந்துவிடும்" என்று சொல்லாதீர்கள்.

## பாதியில் 'முதலிலிருந்து எழுதுகிறோம்'

பிறர் கொடுத்த பணத்தில் கூடவே கூடாது.

## மௌனமும் விலகலும்

தாமதத்தை மன்னிக்கிறவர்கள் மௌனத்தை மன்னிப்பதில்லை. ஜோயி ஹெஸ் அன்றைக்கு என்ன செய்தார், எது உடைந்தது என்று நாள்தோறும் எழுதிவைத்தார். அவ்வளவு தேவையில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பத்து வரி போதும்: முடிந்தது எது, நின்றது எது, கையிருப்பில் எத்தனை மாதம். இந்த மூன்றாவதை யாரும் எழுதுவதே இல்லை. அதை எழுதியிருந்தால், ஐந்தாம் மாதத்தில் பட்டியலின் கடைசி நான்கைக் கைவிடுகிறோம் என்று சொல்லும்போது யாருக்கும் அதிர்ச்சியாக இருக்காது.

பணம் தீர்ந்த பிறகு என்ன என்பதையும் தொடக்கப் பக்கத்திலேயே எழுத வேண்டும். லைட் டேபிள் என்ற நிரல் எழுதும் கருவி 2012-இல் 3 லட்சத்து 16 ஆயிரம் டாலர் திரட்டி, நிரலை 2014 ஜனவரியில் திறந்தது. அந்த வருடமே குழுவின் கவனம் ஈவ் என்ற அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டது. நிரல் வைத்திருக்கும் களஞ்சியத்தின் சாவி யாரிடம், வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் உரிமை இன்னும் யாருக்கு, டொமைன் பெயரை யார் புதுப்பிப்பார், வந்து நிற்கும் பேட்ச்களை யார் பார்ப்பார்? பணம் கேட்கும் நாளிலேயே இரண்டாவது ஆளின் பெயர் ஒன்று இருக்க வேண்டும். அந்த ஆளுக்கும் வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.