நோவை மூளைப் படத்தில் தேடும்போது

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒருநாள் நின்று பாருங்கள். ஏழிலும் சூடு ஒரே மாதிரி இல்லை, அது தெரிந்ததுதான். ஆனால் ஒரே கிணற்றுத் தண்ணீரைத் தகப்பன் வாளியோடு தலையில் ஊற்ற, அதே தண்ணீர் காலில் பட்ட பிள்ளை "சுடுகுது" என்று கத்திக்கொண்டு ஓடும். மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்து நோவை ஆராயும்போது நாம் தேடுவது அந்தப் பிள்ளையின் "சுடுகுது"வைத்தான், தண்ணீரின் சூட்டை அல்ல.

வழக்கமாகக் கையில் சிறிய சூட்டுத் தகடு ஒன்றைக் கட்டுவார்கள். 43 முதல் 45 பாகை செல்சியஸ் அளவில் பலருக்கு நோகத் தொடங்கும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவை வைக்காதீர்கள். ஸ்கேனுக்குள் அனுப்ப முன்னரே ஒவ்வொருவரிடமும் எது இளஞ்சூடு, எது நோ என்று கேட்டுக் குறியுங்கள், பிறகு உள்ளே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: மூளையின் உள்மடிப்பில் உள்ள இன்சுலா என்ற பகுதி பளிச்சென்று தெரிந்தால் நோ என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் திடீரென்று கேட்கும் பெரிய சத்தத்துக்கும் அதே இடம் தூண்டப்படும். அதனால் நோகாத, ஆனால் அதே அளவு எரிச்சலூட்டும் சத்தம் ஒன்றையும் சேருங்கள்.

இயந்திரம் பார்ப்பது நரம்பை அல்ல, இரத்தத்தில் ஒட்சிசன் மாறுவதை. சூடு பட்டு 5, 6 செக்கன் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும், ஆகவே அவசரப்பட்டு அடுத்ததைக் கொடுக்காதீர்கள். "நோ பத்துக்கு எத்தனை?" என்ற கேள்வியையும் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள், பதிலுக்குப் பொத்தானை அழுத்தும் விரலை அசைக்க மூளை செய்யும் வேலையும் படத்தில் விழும். நோகும்போது தலை அசையும், அந்த அசைவு நோவாகவே படத்தில் தோன்றும். தலைக்கு இருபக்கமும் பஞ்சுத் துண்டு வைத்து இறுக்குங்கள்.

இன்னொன்று, காந்த அறைக்குள் தாலிக்கொடி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். வந்த பிறகு சொன்னால் பல அம்மாமார் கலங்கிப்போவார்கள், முதல்நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் யாருடைய கையிலும் சூடு வைக்கவே கூடாது, வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

ஒருவர் 8 என்று சொல்லி, படத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லையா? 8 என்றே எழுதுங்கள். அவர் பொய் சொன்னார் என்று காட்ட இந்தப் படத்துக்குத் தகுதி இல்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு ஸ்கேனருக்கு எங்கே போவது என்று யோசிக்கும் மாணவர்கள் மூளைப் படத் தரவுகளைப் பகிரும் ஓபன்நியூரோ தளத்தில் சூட்டு நோ பற்றிய தரவை இலவசமாக இறக்கலாம், அந்தத் தரவை அலசும் எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல். மென்பொருள்களும் இலவசம்தான். முதலில் ஒரே ஒருவரின் தரவை எடுத்து, தலை எவ்வளவு அசைந்தது என்று காட்டும் கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள்.