பலூ தம்பி எழுத்துருவில் தலைப்பு அமைக்கும் முறை

மும்பையின் எக் டைப் குழுவினர் பல இந்திய மொழிகளுக்கு ஒரே சாயலில் உருவாக்கிய பலூ எழுத்துருக் குடும்பத்தில், குஜராத்தி வடிவத்துக்கு பாய் என்றும் மலையாள வடிவத்துக்குச் சேட்டன் என்றும் உறவுமுறையில் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு வந்தவர் தம்பி. தடித்த கோடுகளும் உருண்ட முனைகளும் கொண்ட இந்த எழுத்துரு, பிறந்தநாள் அழைப்பிதழ், சிறுவர் கதைப்புத்தக அட்டை, தின்பண்டக் கடைப் பலகை ஆகியவற்றுக்கு மிக நன்றாகப் பொருந்தும்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் 'பலூ தம்பி 2' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் இதை, திறந்த எழுத்துரு உரிமத்தின்படி வணிகப் பணிகளுக்கும் பயன்படுத்தலாம். ரெகுலர் 400 முதல் எக்ஸ்ட்ரா போல்டு 800 வரை 5 கனங்கள், அதாவது கோட்டின் தடிமன் அளவுகள், உள்ளன. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த வாசகங்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்; இல்லையேல் அவை ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் சிதறித் தெரியும். அடுத்து, 'கொண்டாட்டம்' என்று தட்டிப் பார்க்க வேண்டும். கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நின்றால், மென்பொருளின் எழுத்து அமைப்பில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்க வேண்டும்.

நான் ஒருமுறை 'கண்ணனின் முதல் பிறந்தநாள்' என்ற தலைப்போடு தேதி, முகவரி எல்லாவற்றையும் 800 கனத்திலேயே அமைத்துவிட்டேன். கணினித் திரையில் அழகாக இருந்த அது, கைப்பேசியில் சுருங்கியபோது சுழிகளின் உள்வெளி அடைபட்டு, மூன்று சுழி ணகரமா இரண்டு சுழி னகரமா என்று தெரியாதபடி மைத்துளிபோல் ஆகிவிட்டது. ஆகவே 800 கனத்தை இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும், அதுவும் பெரிய அளவில், வைத்துக்கொள்வதே நல்லது. சிறிய வரிகளுக்கு 500 போதும். பத்தியாக நீளும் செய்திக்கு, அதே குழுவினரின் முக்தா மலர் போன்ற மெலிந்த எழுத்துரு ஏற்றது.

தலைப்பு இரண்டு வரியானால் வரி இடைவெளியை ஆங்கிலத் தலைப்புக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்ட வேண்டும். மேல்வரியில் 'கு', 'ழு' ஆகியவற்றின் கீழ்வளைவும் கீழ்வரியின் புள்ளிகளும் ஒன்றையொன்று இடிக்கும் இடம் அதுதான். எழுத்தைச் சுற்றி வண்ண விளிம்பு கட்டுவோர் அந்த விளிம்பை எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும், ஏனெனில் முன்னால் வைத்தால் அது உள்நோக்கியும் பரவிப் புள்ளியைத் தின்றுவிடும். புள்ளி மறைந்தால் 'பால்' என்பது 'பால' ஆகிவிடும். கடைப்பலகையில் இதைவிடப் பெரிய பிழை இல்லை.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிட்டால், அங்குள்ள கணினியில் இந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் கெடாது. மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.