வீட்டுக்கடன் முடிந்தும் பத்திரம் கைக்கு வரவில்லையா? நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடும் முறை

கடைசித் தவணை கட்டி மாதக்கணக்காகியும் ‘பத்திரம் ஹெட் ஆபீஸில் இருக்கிறது’ என்றே கிளையில் சொல்கிறார்களா? ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 உத்தரவைக் கையில் எடுங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியின் தவறென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 1-க்கு முன்பே தந்திருக்க வேண்டிய பத்திரம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

1. தேதியை உறுதிப்படுத்துங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான். கணக்கில் சில நூறு ரூபாய் வட்டி பாக்கி நின்றாலும் ‘கடனே முடியவில்லை’ என்று வங்கி வாதாடும். பூஜ்ய இருப்பு காட்டும் ஸ்டேட்மென்ட்டையும், தேதி போட்ட நோ டியூஸ் (பாக்கி இல்லை) சான்றையும் வாங்கிவிடுங்கள்.

உதாரணம்: கடன் முடிந்தது 2025 மார்ச் 10. கெடு ஏப்ரல் 9. பத்திரம் மே 9-இல் கிடைத்தால் தாமதம் 30 நாள். இழப்பீடு 1,50,000 ரூபாய். பத்திரம் தொலைந்துபோனால் வங்கிக்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. ஆனால் நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது.

2. எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசியது சாட்சியாகாது. மின்னஞ்சலும், சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். கடன் வாங்கும்போது ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலை இணைக்க மறக்காதீர்கள்.

3. ஆம்புட்ஸ்மேனா, ஆணையமா?

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரி) இலவசமாகப் புகார் செய்யலாம்; ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் இதில் வராது. வரிசை முக்கியம்: ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர் புகாரை ஏற்கமாட்டார். அதற்காக அங்கேயே காத்துக் கிடக்கவும் கூடாது. வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போயாக வேண்டும்.

4. மனு

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்; வங்கி மும்பையில் இருந்தாலும் சரி. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம்.

சேவைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக்கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடுவது பலர் செய்யும் தவறு.

எதிர்தரப்பில் கிளையையும் தலைமை அலுவலகத்தையும் சேருங்கள். கோரிக்கையைத் தனித்தனியாக எழுதுங்கள்: அசல் பத்திரம், நாள்கணக்கு இழப்பீடு, அடமானப் பதிவு நீக்கம், மன உளைச்சல், வழக்குச் செலவு. பொதுவாக ‘நீதி வேண்டும்’ என்று முடித்தால், கேட்காத தலைப்பில் எதுவும் கிடைக்காமல் போகலாம். தேதி வரிசைப் பட்டியல், பிரமாணப் பத்திரம், எல்லா நகல்களும் பக்க எண்ணுடன் இருக்கட்டும்.

5. வங்கிக்கு ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு

வங்கி பதில் தர 30 நாள். அதற்குமேல் 15 நாள்தான் நீட்டிக்க முடியும். நோட்டீஸ் கிடைத்ததும் பல வங்கிகள் பத்திரத்தை அவசரமாகக் கொடுத்து, ‘முழுத் திருப்தி, வேறு கோரிக்கை இல்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கும். போட்டால் இழப்பீடு போயே போச்சு. ‘பத்திரங்கள் பெற்றேன், இழப்பீட்டு உரிமை தொடர்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், அதுவும் பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் சரிபார்த்த பிறகு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால் ரத்து ரசீதையும் பதிவு செய்ய வைத்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.