பழைய பிஎஸ்4 டிஸ்க்க பிஎஸ்5ல ஓட்டுறது எப்படி

பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) பாக்கப் போறீங்கன்னா மொதல்ல டிஸ்க் போடுற இடம் இருக்கான்னு பாருங்க. 2023ல வந்த, டிஸ்க் போட எடம் இல்லாத ஸ்லிம் டிஜிட்டல் மாடலுக்கு டிஸ்க் டிரைவ் தனியா வாங்கி மாட்டிக்கலாம், 2020ல வந்த பழைய டிஜிட்டல் எடிஷனுக்கு அந்த வழியே இல்ல, வீட்டுல இருக்குற டிஸ்க் எல்லாம் சும்மா அலமாரில தூங்கும்.

பிஎஸ்3 டிஸ்க் ஓடவே ஓடாது, பிஎஸ்4 கேம் பெரும்பாலும் ஓடும். ஆனா டிஸ்க்க போட்டா பிஎஸ்4 வெர்ஷன் ஓடுறதும் பிஎஸ்5 வெர்ஷன் கெடைக்குறதும் வேற வேற, இத நல்லா புரிஞ்சிக்கோங்க. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் பிஎஸ்4 வெர்ஷன் வெச்சிருந்தா பிஎஸ்5 அப்கிரேட் ஃப்ரீ, காட் ஆஃப் வார் ராக்னராக்குக்கு 10 டாலர். அப்கிரேட் பண்ணாலும் ஒவ்வொரு தடவ ஆடும்போதும் அந்த டிஸ்க் உள்ளயே இருக்கணும், அதனால அப்கிரேட் பண்ணிட்டு டிஸ்க்க வித்துடாதீங்க!

சேவ் (கேம்ல எதுவரைக்கும் ஆடினோம்ங்கற பதிவு) விஷயத்துலதான் மனசு ஒடையும். தண்டையார்பேட்டைல எங்க தெரு தம்பி ஒருத்தன் எல்டன் ரிங் கேமோட பிஎஸ்4 சேவ பிஎஸ்5க்கு ஏத்திட்டான், அப்புறம் திரும்ப பிஎஸ்4க்கு கொண்டு வரப் பாத்தான், முடியல, அது ஒருவழிதான். அதனால மாத்துறதுக்கு முன்னாடி பழைய சேவ யூஎஸ்பில ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க.

எடம் பத்தலன்னா பிஎஸ்4 கேம வெளி ஹார்ட் டிஸ்க்லேர்ந்தே ஆடலாம், பிஎஸ்5 கேம அதுல வெக்கலாம், ஆட முடியாது.