கேலக்ஸி மோதல்: கணக்கிலும் படத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கேலக்ஸிகள் மோதுகின்றன என்றதும் நட்சத்திரங்கள் முட்டி வெடிக்கும் காட்சிதான் பலர் மனதில் எழுகிறது. முதலில் விட வேண்டியது அதைத்தான். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 40 லட்சம் கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. சூரியனை 5 மி.மீ. மிளகாகச் சுருக்கினால் அடுத்த மிளகு 140 கி.மீ.க்கு அப்பால் கிடக்கும்: சென்னையில் ஒன்று, வேலூரில் ஒன்று. கேலக்ஸிகளுக்கு இடையே இந்த விகிதம் இல்லை. நம் கேலக்ஸியான பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு, அண்டையிலுள்ள பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டில். வெறும் 25 மடங்கு. அதனால் கேலக்ஸிகள் மோதுவது சகஜம், நட்சத்திரங்கள் மோதுவது அரிதிலும் அரிது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் ஒன்றுமே நடக்காது" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. வாயு மேகங்கள் நூறு ஒளியாண்டு அளவுக்குப் பரந்தவை. அவை உண்மையிலேயே மோதும், நசுங்கும், நசுங்கிய இடத்தில் புது நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும். அஸ்த நட்சத்திரம் அமைந்த காகம் விண்மீன் குழுவில் உள்ள ஆண்டெனா ஜோடியில் (என்ஜிசி 4038, 4039) ஹபிள் தொலைநோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரக் கொத்துகளைக் காட்டியது. கரும்பொருளோ (ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்) ஒன்றை ஒன்று ஊடுருவிப் போய்விடும். ஆகவே "மோதினால் என்ன ஆகும்?" என்று மொத்தமாகக் கேட்காமல், நட்சத்திரங்களுக்கு என்ன, வாயுவுக்கு என்ன, கரும்பொருளுக்கு என்ன என்று பிரித்துக் கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஆண்ட்ரோமீடா கணக்கில் நடக்கும் பிழைகள்

அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி நொடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் வருவதை அளந்தார். அந்த எண்ணை அப்படியே எடுத்துத் தூரத்தை வகுத்தால் 250 கோடி ஆண்டு வரும். தவறு எங்கே என்றால், அந்த 300 சூரியனிலிருந்து பார்த்த வேகம். சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு 200 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது. அதில் ஆண்ட்ரோமீடா பக்கமாக உள்ள பங்கைக் கழித்தால் இரண்டு கேலக்ஸிகளும் நெருங்கும் வேகம் நொடிக்கு சுமார் 110 கி.மீ.தான்.

இப்போது 110-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 680 கோடி ஆண்டு வரும். இதுவும் சரியில்லை, ஏனென்றால் நெருங்க நெருங்க ஈர்ப்பு வேகத்தைக் கூட்டும். 2012-இல் ஹபிள் அளவீடுகளை வைத்துச் செய்த கணக்கு, முதல் மோதலுக்கு சுமார் 400 கோடி ஆண்டு என்றது.

ஆனால் அந்த 400 கோடியை இன்றும் உறுதியான தேதிபோல எழுதுவது, இப்போது தமிழில் அதிகம் பரவியிருக்கும் பிழை. எல்லாம் ஆண்ட்ரோமீடா குறுக்காக நகரும் பக்கவாட்டு வேகத்தைப் பொறுத்தது. அது மிகச் சிறியது, அளப்பது கடினம். 2025-இல் வெளியான ஆய்வு, பால்வீதியின் துணைக் கேலக்ஸியான பெரிய மெகல்லானிக் மேகத்தின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் இரண்டும் இணைய ஏறத்தாழ 50 சதவீத வாய்ப்புதான் என்றது. அந்த மேகம் பால்வீதியில் கலப்பதுதான் அதைவிட நிச்சயமானது. கன்னியாகுமரியில் ஜனவரி இரவில், நிலவும் விளக்கொளியும் இல்லாதபோது, தெற்கு அடிவானத்துக்கு சுமார் 12 பாகை மேலே அது மங்கலாகத் தெரியும்.

ஏன் கடந்து போய்விடுவதில்லை?

நட்சத்திரங்கள் மோதாது என்றால் இரண்டும் ஊடுருவிப் போய்விட வேண்டுமே? இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடும் விளக்கங்கள் அனைத்தும் அரைகுறைதான். விடையின் அடிப்படைச் சூத்திரம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் தந்தது. ஒரு கனமான பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் செல்லும்போது அதன் ஈர்ப்பால் பின்னால் நட்சத்திரங்களும் கரும்பொருளும் சற்றே குவியும். அந்தக் குவியல் அதைப் பின்னோக்கி இழுக்கும். பாதையின் ஆற்றல் இப்படிக் கரைந்து நட்சத்திரங்களின் தாறுமாறான ஓட்டமாக மாறும். இதுவே இயக்க உராய்வு. முதல் முறை கடந்து, விலகி, திரும்பி விழுந்து, மறுபடி கடந்து, கடைசியில் ஒன்றாவதற்கு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆகும்.

இந்த உராய்வு எடை கூடினால் வலுக்கும், வேகம் மிஞ்சினால் தளரும். எனவே பெரிய கேலக்ஸித் தொகுதிகளில் நொடிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்தில் உரசிப்போகும் இரண்டும் பெரும்பாலும் இணைவதில்லை.

கணினியில் உருவகம் எழுதும் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். மையத்தில் ஒரு கனமான புள்ளி, சுற்றிலும் எடையில்லாத துகள்கள் என்று வைத்து ஓட்டுவார்கள். கேலக்ஸியிலிருந்து நீளும் அழகான நட்சத்திர வால்கள் வரும். வானியல் ஆய்வாளர்களான தூம்ரே சகோதரர்கள் 1972-இல் இந்த முறையில்தான் வால்களுக்கு ஈர்ப்பே காரணம் என்று காட்டினார்கள். ஆனால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இரண்டும் இணையாது. துகளுக்கு எடை இல்லை, அதனால் உராய்வும் இல்லை. எடை கொடுத்தால் 10,000 துகளுக்கு ஒவ்வொரு அடியிலும் சுமார் 5 கோடி ஜோடிகளைக் கணக்கிட வேண்டும். அப்போதும் தூரத்தின் வர்க்கத்தோடு ஒரு சிறு மாறிலியைக் கூட்ட மறந்தால், மிக அருகே வரும் இரண்டு துகள்களுக்கு இடையே விசை எகிறி இரண்டும் திரையை விட்டுப் பறக்கும். கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும் கரும்பொருள் உறையை விட்டுவிட்டால் இணைப்பு மிகவும் தாமதமாகும்.

படத்தைப் பார்க்கும்போது

அருகருகே தெரிவதெல்லாம் ஜோடி அல்ல. ஸ்டீஃபன் ஐவர் படத்தில் ஐந்து கேலக்ஸிகள் நெருக்கமாக நிற்கும். அவற்றில் என்ஜிசி 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. மற்ற நான்கும் 29 கோடி ஒளியாண்டு அளவில். வால், பாலம், கலைந்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு செம்பெயர்ச்சியை (தொலைவைக் காட்டும், ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) ஒப்பிடுங்கள். இரண்டையும் சோதிக்காமல் மோதல் என்று எழுதாதீர்கள்.

வால் என்பது வெடித்துச் சிதறிய துண்டும் அல்ல. அருகிலுள்ள பக்கம் கூடுதலாகவும் தொலைவான பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுவதால் உருவாகும் ஓத விளைவு அது. கேலக்ஸியின் தட்டு சுழலும் திசையும் மற்றது கடந்துபோகும் திசையும் ஒன்றாக இருந்தால் வால் நீளும், எதிராக இருந்தால் அவ்வளவாக வராது.

இணைந்தால் முடிவில் நீள்வட்ட கேலக்ஸிதான் என்பதும் எப்போதும் சரியல்ல. வாயு நிறைய இருந்தால் தட்டு மறுபடி உருவாகலாம். பால்வீதியே சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் ஒரு கேலக்ஸியை விழுங்கியதை 2018-இல் கையா விண்கலத்தின் தரவு வெளிப்படுத்தியது. தட்டு இன்னும் இருக்கிறது.

மையக் கருந்துளைகள் உடனே இணைந்துவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். சில ஒளியாண்டு நெருக்கம்வரை உராய்வு கொண்டுவரும். அதற்குப்பின் இழுத்துப் பிடிக்க அருகில் நட்சத்திரங்கள் தீர்ந்துபோகும். ஈர்ப்பலைகள் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) ஆற்றலைப் பறிக்க இன்னும் வெகுவாக நெருங்கியாக வேண்டும். 2023 ஜூனில் பல்சார்களை (சீராகத் துடிப்பு அனுப்பும் இறந்த நட்சத்திரங்கள்) கண்காணிக்கும் குழுக்கள், புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழு உட்பட, அறிவித்தது தனியொரு இணைப்பின் ஒலியை அல்ல. வானம் முழுக்கப் பரவிய ஈர்ப்பலை இரைச்சலுக்கான சான்றை. எண்ணற்ற கருந்துளை ஜோடிகள் சேர்ந்து எழுப்புவதாக இருக்கலாம் என்று கருதப்படுவது அது.