வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் அடிக்கடி எரிந்து அணைகிறதா?

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் காற்றோட்டம் அடைபட்டால் உள்ளே சூடு ஏறி லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிடும், ஆறியதும் மறுபடி எரியும், இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அறைகளில் காற்று வரும் வழிகளையும் மூடி வைக்காதீர்கள்.

தீ பற்றிய சில நொடிகளிலேயே அணைகிறதா? அப்படியென்றால் என் சந்தேகம், தீ எரிகிறதா என்று உணரும் கம்பியான ஃபிளேம் சென்சார் மேல்தான். மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு, அந்தச் சின்னக் கம்பியைக் கழற்றி, மெல்லிய ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். அறையின் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட் மேல் வெயிலோ சூடான காற்றோ நேராகப் படுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், லிமிட் ஸ்விட்சை மட்டும் எக்காரணத்துக்காகவும் பைபாஸ் செய்யாதீர்கள், தீ விபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து கேஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.